ஆஸ்திரேலியாவின் பருவங்கள்



மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்று தமிழ்ப் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் சிட்னியில் வாழும் தமிழருக்கு அவை கோடை மாதங்கள். தைப்பொங்கலைக் கூட அவர்கள் வெயில் காலத்தில்தான் வைக்கிறார்கள். காரணம் என்ன? பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்துள்ளது. டிசம்பரில் பூமியின் தென்பாதி சூரியன் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஆகவே வடக்கே குளிர், தெற்கே கோடை.

ஆஸ்திரேலியா மலேசியாவைப்போல் 23 மடங்கு பெரிய நாடு. ஆகையால் அங்கே எங்கும் ஒரே வானிலை இராது. நடுவில் பாலைவனம். தென்மேற்கிலுள்ள பெர்த் நகருக்குக் குளிர்காலத்தில் மழை. வடக்கிலுள்ள டார்வின் நகருக்குக் கோடையில் மழை. ஊட்னடாட்டா என்னும் ஊரில் 1960 ஜனவரி 2ஆம் நாள் வெப்பம் 50.7 பாகை செல்சியஸை எட்டியது. மலைப்பகுதியான சார்லட் பாஸில் 1994 ஜூன் 29ஆம் நாள் வெப்பநிலை சுழிக்குக் கீழே 23 பாகைக்கு இறங்கியது.

டார்வினின் மழைக்கும் நமக்கும் உறவுண்டு. ஆண்டிறுதியில் நம்மீது வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, பூமத்திய ரேகையைக் கடந்ததும் திசை திரும்பி, வடமேற்குக் காற்றாகி அங்கே மழை பொழிகிறது. ஆண்டின் நடுவில் அங்கிருந்து புறப்படும் வறண்ட காற்று, ரேகையைத் தாண்டித் திரும்பி, நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது.

1788இல் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டின் நான்கு பருவங்களையே அங்கும் வழங்கினர். டார்வினுக்குக் கிழக்கேயுள்ள காக்கடுவின் பூர்வகுடிகளோ, நம் முன்னோரைப்போலவே, ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தவர்கள். அவற்றுள் யெக்கே என்பது மே மாதத்தில் தொடங்குவது. அப்போது ஒருவகை யூக்கலிப்டஸ் மரம் பூக்கும். அதைக் கண்டதும் காட்டில் ஆங்காங்கே சிறு தீ மூட்டிச் சருகை எரித்துவிடுவார்கள். சருகு குறைந்தால் கோடையில் பெருந்தீக்கு இரையும் குறையும். பெருந்தீ எத்தகையது? 2009 பிப்ரவரி 7ஆம் நாள் மெல்பர்னில் 46.4 பாகை வெயில். அன்று விக்டோரியா மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீக்கு 173 பேர் பலியாயினர். பருவம் அறிவது உயிர் காக்கும் அறிவு என்பது விளங்குகிறதல்லவா?

பருவம் மண்ணுக்கு உரியது. பிற நாட்டு அட்டவணையில் அகப்படாது. பாசிர் பெனம்பாங்கிலும் அதற்கு அடையாளங்கள் உண்டு. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். செப்டம்பர் முதல் வடநாட்டுப் பறவைகள் நம் கடலோரச் சேற்றுக்கு வரும். அவ்வான்வழியே பறப்பவற்றுள் பல ஆஸ்திரேலியா வரை செல்பவை.

மாணவர்களே, ஒரு குறிப்பேடு வாங்குங்கள். மழை பெய்த நாள், இலை உதிர்ந்த நாள், பறவை வந்த நாள் ஆகியவற்றை ஓராண்டு எழுதி வாருங்கள். நம் ஊருக்கு எத்தனை பருவம் என்பதை அதில் நாமே எண்ணிப் பார்ப்போம்.