பெருமழையும் பட்ட ஆராய்ச்சியும்

(ஆழ்வார்திருநகரியில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயர்கல்வியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அது மிக விரிந்த பொருளாகலின், நம் ஊர்க்கு அணுக்கமான ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணி கரைகடந்து பெருகியதை ஈண்டுள்ளார் எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்ட திருச்செந்தூர் விரைவு வண்டியில் ஏறத்தாழ 800 பேர் அகப்பட்டனர். ஒரு நாளில் 21 சென்டிமீட்டர் பெய்யினும், 95 பெய்யினும் வானிலைத் துறையார் வழங்கும் பெயர் 'அதி கனமழை' என்பதே. இவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமையை முன்னரே அளந்து கூறுதல் எங்ஙனம் என்பதே இன்று அறிஞர் ஆராயும் வினா.

காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் இயக்கத்தைப் பௌதிகச் சமன்பாடுகளால் கணிப்பது நெடுநாளைய முறை. 'இயந்திரக் கற்றல்' என்பதோ, பல்லாண்டுப் பதிவுகளைக் கணிப்பொறிக்குக் காட்டி, இந்நிலைக்குப்பின் இந்நிலை வரும் என்னும் இயைபைத் தானே கண்டுகொள்ளச் செய்வது. கூகுள் டீப்மைண்ட் 2023-இல் வெளியிட்ட 'கிராப்காஸ்ட்', 1979 முதல் 2017 வரையுள்ள பதிவுகளைப் பயின்று, பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்திற்குள் கணித்தது. ஐரோப்பிய வானிலை மையமும் 2025-இல் இத்தகைய முறையொன்றை நாள்தோறும் வழங்கத் தொடங்கியது.

ஆயினும், பயிலாத பாடத்தில் மாணாக்கன் தடுமாறுதல்போல, அரிதின் நிகழும் பெருமழையை இம்முறைகள் குறைத்துக் கூறும் இயல்பின. 95 சென்டிமீட்டர் பெய்த நாள்கள் பதிவேட்டில் மிகச் சிலவன்றோ? ஆதலின், பௌதிக விதிகளையும் உடன்சேர்த்து அவ்வியந்திரத்தைப் பயிற்ற வல்லார் வேண்டும். பௌதிகமும் கணிதமும் நிலவியலும் கற்றார் முனைவர் பட்டத்திற்கு இத்துறையில் ஆராயலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐ.ஐ.டி., புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் முதலிய இடங்களில் இத்தகைய ஆராய்ச்சி நடைபெறுகின்றது.

"இன்னும் ஐந்தாண்டு படிப்பா? உழைத்துப் பொருளீட்டுவது எப்போது?" என்று பெற்றோர் வினவுவர். அவ்வினா நேரியதே, கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பத்தார் பிறிதெங்ஙனம் வினவுவர்? இவ்வாராய்ச்சிக்கு உதவித்தொகை உண்டு என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். 'நெட்' முதலிய தேர்வுகளில் தேறி, இளநிலை ஆராய்ச்சியாளராக அமர்வார்க்குரிய தொகை 2023 ஜனவரி முதல் திங்களுக்கு 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஈராண்டின்பின் மேல்நிலை எய்துவார்க்கு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி வேறு. ஆகவே, வீட்டிற்குச் சிறிது அனுப்பிக்கொண்டே ஆராயலாகும். மணப்பேச்சைக் காரணங்காட்டிப் பெண்மக்களை இவ்வழியினின்று விலக்குதலும் தகாது.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் கல்வி நிதி இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகின்றது. முதுநிலை அறிவியல் பயின்று இத்தேர்வுகளுக்கு ஆயத்தஞ்செய்வார்க்கும் நூல், பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றிற்கு அந்நிதியை நீட்டித்தல் வேண்டும். இவ்வாண்டு இருவர்க்கேனும் அங்ஙனம் உதவுமாறு வேண்டிக்கொண்டு, எம் உரையை நிறுத்துகின்றோம்.