அந்தச் சொல்லைச் சேர்த்தவர்



நாளை குடியரசு நாள். கொடியேற்றுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், அரசியல் சட்ட முகப்புரையைப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். அந்த முகப்புரை மொத்தமே ஒரு வாக்கியம்தான். அதற்கு எழுவாய் யார்? மன்னரா? கவர்னர் ஜெனரலா? மக்கள்! நீங்கள்! தட்டுங்கள் கையை, உங்களுக்கு நீங்களே தட்டிக்கொள்ளலாம்!

அந்த முதலிடம் சும்மா கிடைக்கவில்லை. 1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் எழுந்தார். கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்றார். தேவியையும் சேருங்கள் என்றார் இன்னொருவர். கடவுளை ஓட்டுக்கு விடாதீர்கள் ஐயா என்று மன்றாடினார் பூர்ணிமா பானர்ஜி. திருவிதாங்கூர் தாணு பிள்ளை கடவுளை நம்புகிறவர். அவரே சொன்னார், இது நம்பாதவனைக் கட்டாயப்படுத்துவதாகும் என்று! காமத் விடவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. மக்களே முதலில் நின்றார்கள். தனக்குக் கிடைத்த நம்பிக்கையை அடுத்தவன் தலையில் கட்டாத பண்பு, அதற்குப் பெயர்தான் நாகரிகம்!

ஆனால் என்னை உலுக்கும் இடம் வேறு. நேரு 1946 டிசம்பர் 13 அன்று முன்மொழிந்தாரே குறிக்கோள் தீர்மானம், அதில் நீதி உண்டு, சமத்துவம் உண்டு, சுதந்திரம் உண்டு. சகோதரத்துவம் இல்லை! 1948 பிப்ரவரியில் வரைவு வெளிவருகிறது. காந்தியடிகள் சுடப்பட்டு மூன்று வாரம். அதில் சகோதரத்துவம் இருக்கிறது. தீர்மானத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறோம், இன்றைக்கு இதைவிட அவசியமானது எதுவும் இல்லை என்று காரணமும் எழுதி அனுப்புகிறார் ஒருவர்.

யார் அவர்? பெயரைச் சொல்லவும் வேண்டுமா? பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று தள்ளிவைக்கப்பட்ட பிள்ளை! பியூன் வந்து ஊற்றினால் தண்ணீர், பியூன் வராவிட்டால் தாகம். வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச்சாக்கில் தனியாக உட்கார்ந்து படித்த பிள்ளை! அவருக்குப் பழி வாங்கத் தோன்றியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? அந்தக் கையல்லவா சகோதரத்துவம் என்று எழுதியது!

வரைவுக்குழுவில் 7 பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களுக்கு வேறு வேலை, உடல்நலக் குறைவு. சுமை முழுவதும் அந்த ஒருவர் தோளில் விழுந்தது. இதை நான் சொல்லவில்லை. குழுவிலேயே இருந்த நம் சென்னை மாகாணத்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1948 நவம்பரில் சபையிலேயே எழுந்து சொன்னார்.

அந்த மனிதரின் சிலையை இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறோம்! சில பேர் வருவார்கள். யாரென்று நான் சொல்ல மாட்டேன். கூண்டைத் திறக்கச் சொல்லி மாலை போடுவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள், பூட்டச் சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார்கள். ஐயா, எங்கள் பிணம் போக ஒரு பாதை வேண்டும் என்று கேட்டால், தேர்தல் முடியட்டும் என்பார்கள். எத்தனை தேர்தல் முடிந்தது? மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு நடப்பவன் யாருக்குச் சகோதரன்? சொல்லுங்கள்!

நாளை காலை கிராம சபை. ஊர் முழுவதற்கும் ஒரே சுடுகாடு, எல்லோருக்கும் ஒரே பாதை என்று தீர்மானம் எழுதி நம் செயலாளர் கையில் கொடுத்திருக்கிறேன். மேலத்தெருவும் வாருங்கள், கீழத்தெருவும் வாருங்கள். மினிட் புத்தகத்தில் அது ஏறுகிற வரைக்கும் யாரும் எழுந்து போகாதீர்கள்!