ஆர்க்கிட் செடிகளுக்கு இலைவழி உரம்



நம் வீட்டு வாசல்களில் ஆர்க்கிட் செடி தொங்குவது சாதாரணக் காட்சி. ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார் உருவாக்கிய வாண்டா மிஸ் ஜோக்கிம், 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும், "உரம் வாங்கித் தெளிக்கிறேன், இலைதான் வளர்கிறது, பூவைக் காணோம்" என்று குறைப்படுவோர் பலர். காரணம் என்ன என்பதைப் பார்ப்போம்.

வாண்டா, டென்ட்ரோபியம் போன்றவை இயற்கையில் மரங்களைப் பற்றி வாழ்பவை. நாமும் அவற்றைக் கரித்துண்டிலும் செங்கல் துண்டிலும் வளர்க்கிறோம். இவற்றில் சத்து மிகக் குறைவு. ஆதலால் நீரில் கரைத்த உரத்தைத் தெளிக்கிறோம்.

இதனை இலைவழி உரம் என்கிறோம். ஆனால் ஆர்க்கிட் இலையின் மேல்தோல் தடித்தது, மெழுகு பூசியது. ஆகவே இலை உறிஞ்சுவது சிறிதளவே. பெரும்பகுதியை உறிஞ்சுபவை வேர்கள். வேரைச் சுற்றியுள்ள வெண்ணிற உறை பஞ்சுபோல் நீரை ஈர்க்கிறது. எனவே இலையின் இருபுறமும் வேரும் நனையத் தெளிக்க வேண்டும்.

உர டப்பாவில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. வளரும் செடிக்கு 20-20-20 போன்ற சமநிலை உரம் ஏற்றது. தழைச்சத்து மிகுந்தால் இலை கருமையாகச் செழிக்கும், பூ குறையும். நிழல் அதிகமானாலும் அதே விளைவுதான். வெளிச்சக் குறையை எந்த உரமும் ஈடு செய்யாது. முதலில் செடியின் இடத்தைக் கவனியுங்கள்.

அளவிலும் கவனம் தேவை. லிட்டருக்கு 2 கிராம் என்று டப்பாவில் குறிப்பிட்டிருந்தால், 1 கிராம் மட்டும் கரைத்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். முதலில் வெறும் நீர் ஊற்றி, வேர் பச்சை நிறமானதும் உரநீர் தெளிக்கலாம். காய்ந்த வேரில் உரம் பட்டால் வேர்நுனி கருகும். காலை வேளையே சிறந்தது. உச்சி வெயிலில் தெளித்தால் நீர் விரைவில் உலர்ந்து இலையில் உப்புப் படியும். மாலையில் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் தங்கி அழுகல் நோய் வரலாம். மலர்ந்த பூக்களின் மீது தெளிக்க வேண்டாம். மாதம் ஒருமுறை வெறும் நீரைத் தாராளமாக ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள்.

சிறிதளவு உரம், போதிய வெளிச்சம், தவறாத கவனிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் உங்கள் செடியும் பூக்கும், நேயர்களே.