நலிந்த கிளைக்குக் கத்தரி வேண்டாம்



போன்சாய் மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலர்க் கண்காட்சியில் பார்த்திருக்கலாம், படத்திலாவது பார்த்திருக்கலாம். ஒரு முழ உயரம்கூட இருக்காது. ஆனால் அடிமரம் தடித்து, பட்டை வெடித்து, நூறு வயதுக் கிழவனைப் போல ஒரு சின்னத் தொட்டியில் நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்க்கும் பலர் உடனே சொல்வது என்ன? "பாவம், சோறு தண்ணீர் கொடுக்காமல், வளரவே விடாமல், இப்படிக் குள்ளமாக்கி வைத்திருக்கிறார்களே!"

உண்மை அப்படி இல்லை. பட்டினி போட்ட மரம் போன்சாய் ஆகாது. அது பட்டுப்போகும். நல்ல போன்சாய் என்பது நன்றாக ஊட்டி வளர்க்கப்பட்ட மரம். எப்போது ஊட்ட வேண்டும், எப்போது வெட்ட வேண்டும், எதை வெட்டவே கூடாது என்று தெரிந்த ஒருவர் பல ஆண்டுகள் அதன் அருகிலேயே இருந்திருக்கிறார் என்று பொருள். இன்று அப்படிப்பட்ட ஒரு மரத்தைப் பற்றிச் சிந்திப்போம். அதன் பெயர் ஜப்பானியக் கறுப்புப் பைன். ஜப்பானியர் அதைக் 'குரோமட்சு' என்கிறார்கள்.

இது கடற்கரை மரம். உப்புக் காற்றையும் மணலையும் தாங்கும். அதனால் ஜப்பான் நாட்டுக் கரையோரங்களில் காற்றுத் தடுப்பாக வரிசை வரிசையாக இதை நட்டிருக்கிறார்கள். இலைகள் ஊசி போல இருக்கும். ஒவ்வொரு காம்பிலும் இரண்டு இரண்டாக வரும். தொட்டில் பிள்ளையைப் போல வீட்டுக்குள் வைத்து வளர்க்க முடியாது. வெளியே முழு வெயில் வேண்டும், குளிர்காலத்துக் குளிரும் வேண்டும். ஜப்பானின் ஷிகோகு தீவில் தகமட்சு என்ற நகரம் இருக்கிறது. அங்கே கினாஷி, கொகுபுஞ்சி என்ற பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் பைன் போன்சாய் வளர்ப்பதே தொழில். நெல் வயலைப் போலப் பைன் வயல்கள் அங்கே உண்டு.

விதை போட்டு முளைத்த கன்றை அந்தத் தோட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? நாம் நினைப்பதுபோல முதல் நாளே கத்தரியோடு உட்காருவதில்லை. இரண்டு மூன்று வயதில், தண்டு இன்னும் வளையும்போது, கம்பி சுற்றி ஒரு வளைவு கொடுப்பார்கள். பிறகு வளர விடுவார்கள். மரம் தடிப்பது இலைகளின் உழைப்பால். இலை நிறைய இருந்தால்தான் அடிமரம் பருக்கும். அதற்காகவே ஒரு கிளையைத் தன் போக்கில் ஓட விடுவார்கள். சின்ன மரத்தில் அந்த ஒரு கிளை மட்டும் ஆள் உயரத்துக்குப் போய் நிற்கும். பார்க்க அழகே இருக்காது. புதிதாக வருகிறவர், "என்ன இது, கவனிப்பாரற்றுக் கிடக்கிறதே" என்று கேட்பார். ஆனால் அந்தக் கிளைதான் அடிமரத்துக்குச் சோறு போடுகிறது. நான்கைந்து ஆண்டு, சில மரங்களில் பத்து ஆண்டு கழித்து, தன் வேலையை முடித்த பிறகே அதை எடுப்பார்கள். தியாகக் கிளை என்று அதற்குப் பெயர்.

ஆக, முதல் ஆண்டுகள் முழுவதும் வெயில், தண்ணீர், உரம் இவைதான். கடுகு இனத்து வித்துப் புண்ணாக்கைப் புளிக்க வைத்து, உருண்டை பிடித்து, தொட்டி மண்ணின் மேல் வைப்பார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்து மெல்ல இறங்கும். அந்தத் தண்ணீர் ஊற்றுவதைச் சரியாகக் கற்கவே மூன்று ஆண்டு ஆகும் என்பது ஜப்பானியத் தோட்டக்காரர்களின் பழமொழி. எந்தத் தொட்டி காய்ந்திருக்கிறது, எது இன்னும் ஈரமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஊற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக ஊற்றுகிறவருக்கு அந்தத் தோட்டத்தில் வேலை இல்லை.

அன்பர்களே, இப்போது வெட்டும் வேலைக்கு வருவோம். வசந்த காலத்தில் கறுப்புப் பைனின் கிளை நுனிகளில் புதுத் தளிர்கள் நிமிர்ந்து நிற்கும். பீடத்தில் ஏற்றிவைத்த மெழுகுதிரிகளைப் போலவே இருக்கும். வளர்ந்து முடித்த மரமானால், கோடையின் தொடக்கத்தில், ஜூன் நடுவிலிருந்து ஜூலைக்குள், அந்தத் தளிர்களை அடியோடு வெட்டிவிடுவார்கள். 'மெகிரி' என்று அதற்குப் பெயர். பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும். ஆனால் சில வாரங்களில் வெட்டிய இடத்தில் புது மொட்டுகள் வருகின்றன. ஒன்று இருந்த இடத்தில் இரண்டு மூன்று வருகின்றன. குளிர் வருவதற்குள் வளரக் கொஞ்ச நாளே இருப்பதால் இலைகள் சிறியவையாக, அடர்த்தியாக அமைகின்றன. சின்ன மரத்துக்கு ஏற்ற சின்ன இலை இப்படித்தான் கிடைக்கிறது.

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. நாம் கவனிக்க வேண்டியதும் அவற்றைத்தான்.

முதல் நிபந்தனை: மரம் நன்றாகத் தின்று கொழுத்திருக்க வேண்டும். முந்தைய இலையுதிர் காலத்திலும் அந்த வசந்தத்திலும் உரம் கொடுத்திருந்தால்தான் வெட்டலாம். நோய்ப்பட்ட மரத்தை அந்த ஆண்டு தொடவே மாட்டார்கள். வேர்களைக் கவாத்துச் செய்து தொட்டி மாற்றிய ஆண்டிலும் தளிரை வெட்டுவதில்லை. ஒரு காயம் ஆறும் முன் மறு காயம் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

இரண்டாவது: எல்லாக் கிளைகளையும் ஒன்றாக நடத்தக் கூடாது. பைன் மரத்தின் இயல்பு, உச்சிக்கே எல்லாப் பலத்தையும் அனுப்புவது. மேல் கிளைகள் கொழுக்கும். கீழ்க் கிளைகளும் உட்பக்கத்துச் சிறு கிளைகளும் நிழலில் நலியும். அதனால் ஒரே நாளில் ஒரே அளவாக எல்லாவற்றையும் வெட்ட மாட்டார்கள். பலம் குறைந்த தளிரை முதலில் வெட்டி, சுமார் பத்து நாள் கழித்துப் பலமான தளிரை வெட்டுகிறவர்கள் உண்டு. முந்தி வெட்டப்பட்ட நலிந்த தளிருக்கு மறுபடி வளரப் பத்து நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. மிகவும் நலிந்த தளிராக இருந்தால் கத்தரி அதன் பக்கமே போகாது. இலையுதிர் காலத்தில் பழைய ஊசிகளைப் பறிக்கும்போதும் இதே கணக்குதான். உச்சியில் ஐந்து ஜோடி ஊசியை விட்டால், கீழ்க் கிளையில் பத்துப் பன்னிரண்டு ஜோடியை விடுவார்கள். மேலே இலை குறைந்ததும் வெயில் உள்ளே இறங்கும். அந்த வெயில்தான் நலிந்த கிளைக்கு மருந்து.

ஏன் இவ்வளவு கவனம்? பைன் மரத்தைப் பற்றிய கடுமையான உண்மை ஒன்று இருக்கிறது. வேப்பமரத்தை வெட்டினால் கட்டையிலிருந்தும் துளிர்க்கும். பைன் அப்படியல்ல. ஒரு கிளையில் உள்ள ஊசிகள் எல்லாம் போய்விட்டால், அந்தப் பழைய கிளை மீண்டும் துளிர்ப்பது மிக அரிது. அது பட்டுவிடும். பத்து ஆண்டு வளர்த்த கிளையை ஒரே நாள் அவசரத்தில் இழந்துவிடலாம்.

அன்புச் சகோதர சகோதரிகளே, நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். நாம் யாரை அதிகம் திருத்துகிறோம்? நன்றாகப் படிக்கிற பிள்ளையையா? தேர்வில் தவறிய பிள்ளையைத்தான். ஏற்கெனவே முகம் வாடி, சாப்பாட்டைத் தட்டில் பிசைந்துகொண்டிருக்கிற அந்தப் பிள்ளையிடம்தான், "உன் அண்ணனைப் பார், பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று கத்தரியை எடுக்கிறோம். புகுந்த வீட்டில் இன்னும் வேர் பிடிக்காத மருமகளிடம்தான் குறைகளை வரிசையாக எடுத்துச் சொல்கிறோம். வேலை போன மனிதனிடம்தான் செலவுக் கணக்குக் கேட்கிறோம். பலமாக இருக்கிறவரிடம் பேசப் பயம். நலிந்தவரிடம் நமக்கு வாய் நீளம்.

அந்த ஜப்பானியத் தோட்டக்காரர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். பலமான கிளையைத்தான் அவர் தாராளமாக வெட்டுகிறார், அது தாங்கும் என்பதால். நலிந்ததற்கு நாளும் இலையும் வெயிலும் கொடுக்கிறார். திருத்த வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. திருத்தாமல் விட்ட பைன் புதராகிவிடும், உள்கிளைகள் நிழலில் செத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறார்: இதைத் தாங்குகிற பலம் இதற்கு இருக்கிறதா? அந்தப் பலத்தை நான் கொடுத்திருக்கிறேனா?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்ன உரிமையாளரிடம், இன்னும் ஓராண்டு பொறுங்கள், நான் சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்று கெஞ்சிய தோட்டத் தொழிலாளரை லூக்கா நற்செய்தியில் சந்திக்கிறோம். யோவான் நற்செய்தியில் வரும் திராட்சைக் கொடியிலும், கழித்துவிடப்படுவது கனி தருகிற கிளைதான், இன்னும் மிகுதியாகக் கனி தருவதற்காக. தோட்டம் தெரிந்தவர்கள் சொன்னதும் கேட்டதுமான உவமைகள் அவை.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளையை வளைக்கச் செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள். கம்பி கொடுமையல்ல, வளரும் கிளைக்கு அது ஒரு வழிகாட்டி. ஆனால் கிளை தடித்துக்கொண்டே போகும், கம்பி தடிக்காது. பார்க்காமல் விட்டால் அது பட்டைக்குள் புதைந்துவிடும். அந்தத் தழும்பு மறையப் பல ஆண்டு ஆகும். ஆகவே தோட்டக்காரர் அடிக்கடி வந்து பார்ப்பார். நேரம் வந்ததும் எடுத்துவிடுவார். எடுக்கும்போதும் சுற்றைப் பிரித்து இழுப்பதில்லை, கிளை ஒடியக்கூடும். துண்டு துண்டாக நறுக்கி மெதுவாக எடுப்பார். பத்து வயதில் பிள்ளைக்குப் போட்ட கட்டுப்பாட்டை இருபது வயதிலும் இறுக்கிக்கொண்டிருக்கும் பெற்றோர் இதை நினைக்கலாம். அன்று அது தேவையாகத்தான் இருந்தது. இன்று அது எங்கே புதைந்திருக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தீர்களா?

"இவ்வளவு பொறுமைக்கு எனக்கு ஆயுள் போதாதே" என்று சிலர் நினைக்கலாம். போதாதுதான். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் ஒரு பைன் போன்சாய் இருக்கிறது. இது வெள்ளைப் பைன், கறுப்புப் பைனுக்கு உறவு. 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு வருவதாகச் சொல்லப்படுகிறது. ஹிரோஷிமாவில் யமகி என்ற குடும்பத்தார் தலைமுறைகளாக அதைக் காத்துவந்தார்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது, விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் அந்த வீடு. தோட்டத்தைச் சுற்றியிருந்த உயர்ந்த சுவர் மரத்தைக் காப்பாற்றியது. குடும்பத்தாரும் பிழைத்தார்கள். 1976இல், அமெரிக்காவின் இருநூறாம் ஆண்டு விழாவுக்கு ஜப்பான் கொடுத்த 53 போன்சாய்களில் ஒன்றாக மசாரு யமகி அந்த மரத்தை அனுப்பிவைத்தார். எந்த நாடு தன் ஊரின் மேல் குண்டு போட்டதோ, அந்த நாட்டுக்கே! அந்த மரம் குண்டுவீச்சைத் தாண்டி வந்தது என்பது 2001இல் அவருடைய பேரன்கள் அங்கே வந்து சொன்ன பிறகுதான் பரவலாகத் தெரியவந்தது.

1625இல் அதற்குத் தண்ணீர் ஊற்றியவர் இன்றைய அழகைப் பார்க்கவில்லை. அவர் செய்ததெல்லாம் அன்றன்றைக்குத் தண்ணீர் ஊற்றி, அடுத்தவர் கையில் உயிரோடு ஒப்படைத்ததுதான். நம் பிள்ளைகளையும் மாணவர்களையும் நாம் முடித்துக் கொடுக்கப்போவதில்லை. உயிரோடும் உரமோடும் ஒப்படைத்தால் போதும். மிச்சத்தை அவர்களும் அவர்களுக்குப் பின் வருகிறவர்களும் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே அன்பர்களே, இந்த வாரம் ஒரு சிறு வேலை. உங்கள் வீட்டில், அன்பியத்தில், வேலை செய்யும் இடத்தில் மிகவும் நலிந்திருக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைத் திருத்தச் சொல்லவிருந்த வார்த்தையைச் சில நாள் தள்ளிவையுங்கள். அவர் மேல் நிழல் விழச் செய்வது எது என்று பாருங்கள். ஒருவேளை அது நம்முடைய ஓங்கிய குரலாக இருக்கலாம், வீட்டில் எப்போதும் புகழப்படும் இன்னொருவரின் பெயராக இருக்கலாம். அதைக் கொஞ்சம் விலக்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு சேர்ந்து சாப்பிடுங்கள். பலம் வந்த பிறகு பேச வேண்டியதைப் பேசலாம்.