கடலில் எல்லை போட்டால் மீன் பெருகுமா?



கடலில் இன்ன இடத்தில் மீன் பிடிக்கக் கூடாது என்று சர்க்கார் ஒரு எல்லையைக் குறித்து உத்திரவு போட்டுவிட்டால், அதனாலேயே அங்குள்ள ஜீவராசிகளெல்லாம் பிழைத்துக் கொள்ளும் என்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தையின் இடுப்பில் தாயத்தைக் கட்டிவிட்டு, இனிக் காய்ச்சல் வராது என்று இருந்துவிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

2014-ம் வருஷத்தில் சில ஆராய்ச்சிக்காரர்கள் உலகத்தின் பல பாகங்களிலுமுள்ள 87 காப்புக் கடல்களில் முழுகிப் பார்த்து மீன்களை எண்ணிக் கணக்கு வெளியிட்டார்கள். மீன்பிடிப்பு அடியோடு கூடாது என்றிருத்தல், காவல் உண்மையாக நடத்தல், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, ஆழ்கடலோ மணலோ சூழ்ந்து தனித்திருத்தல் ஆகிய ஐந்தையும் அளவுகோலாக வைத்தார்கள். இவற்றில் நான்கோ ஐந்தோ வாய்த்த இடங்களில், மீன் பிடிக்கும் இடங்களைவிடப் பெரிய மீன்கள் எடையில் ஐந்து பங்கும், சுறாக்கள் பதினான்கு பங்கும் இருந்தன. ஆனால் ஒன்றோ இரண்டோ மாத்திரம் வாய்த்தவை நூற்றுக்கு 59. அவற்றிற்கும் சாதாரணக் கடலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை! பெயர்ப்பலகைக்கு அவ்வளவுதான் யோக்கியதை.

நிற்க, மெக்ஸிகோ தேசத்தில் காபோ புல்மோ என்று ஒரு சிறு மீனவர் ஊர் இருக்கின்றது. பிடிபடும் மீன் குறைந்து வருவதைக் கண்ட அவ்வூரார் தாங்களே காப்பு வேண்டுமென்று கேட்டார்கள். 1995-ல் 71 சதுர கிலோமீட்டர் கடல் காப்பிடமாயிற்று. சட்டம் அதில் ஒரு பாகத்தில் மாத்திரமே மீன்பிடிப்பை முழுதும் தடுத்தது. ஊராரோ முழுவதிலும் வலை போடுவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டு, தாங்களே காவலும் பார்த்தார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கு மீன்களின் எடை ஐந்து பங்குக்கு மேல் ஆகிவிட்டது. அதே வளைகுடாவிலுள்ள மற்றக் காப்பிடங்களிலோ அக்காலத்தில் சொல்லத்தக்க மாறுதலே இல்லை. கடல் ஒன்றுதான், காலமும் ஒன்றுதான்.

நம் பக்கத்துக் கதையையும் சொல்லவேண்டும். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டரும் 1986-ல் மன்னார் வளைகுடா தேசீயப் பூங்காவாயின. அதற்குப் பிறகும் பவழப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோவது வெகுகாலம் நிற்கவில்லை. 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறிப் பவழம் வெளுத்துச் செத்தது. இதற்குக் காவல்காரர் என்ன செய்வார்? எண்ணெயும் நிலக்கரியும் எரிகிற இடங்கள் அந்த எல்லைக்கு வெளியிலல்லவா இருக்கின்றன?

ஆனால் காவலுக்கு எளிதில் அகப்படுகிறவர்கள் யாரென்றால், தீவோரத்தில் மூச்சையடக்கி முழுகிக் கடற்பாசி எடுக்கும் பெண்களே. அவர்கள் இழுவைமடி போடுகிறவர்களல்ல, கையால் பறிக்கிறவர்கள். அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் சில நாட்கள்தான் பாசிக்குப் போவது என்றும், பாசி வளரும் காலத்தில் எடுப்பதில்லை என்றும் கட்டுப்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த தடவை எல்லை குறிக்க உட்காருகிற அதிகாரிகள் அந்தப் பெண்களில் நான்கு பேரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் நாம் கேட்கின்றோம்.