சைக்கிள்ல விழுந்தவர் வாங்கின சை யங் விருது

அமெரிக்க பேஸ்பால்ல சை யங்னு ஒரு விருது இருக்கு. மேஜர் லீக்ல ரெண்டு பிரிவு. ஒவ்வொண்ணுலயும் அந்த வருஷத்தோட சிறந்த பிட்சருக்கு, அதாவது பந்து வீசுறவருக்கு, பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கிறது. 2024ல நேஷனல் லீக் பிரிவில் அதை வாங்கினவர் கிறிஸ் சேல். வயசு 35. உண்மையைச் சொல்லணும்னா, அவர் கதை முடிஞ்சதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே முடிவு கட்டினவன் நான்.

சேல் உயரமா, ஒல்லியா இருக்கிற இடதுகைக்காரர். 2012லிருந்து 2018 வரை தொடர்ந்து ஏழு வருஷம் இந்த விருதுக்கான ஓட்டில் முதல் ஆறு இடத்துக்குள் வந்தார். ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. ஏழு பந்தியிலும் இலை போட்டாங்க, சோறு மட்டும் வரல. 2018 வேர்ல்ட் சீரிஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காகக் கடைசி விக்கெட்டை, சாரி, கடைசி அவுட்டை எடுத்தவரும் அவர்தான்.

அதுக்கப்புறம்தான் உடம்பு மக்கர் பண்ண ஆரம்பிச்சது. 2020ல் முழங்கையில் டாமி ஜான் ஆபரேஷன். கிழிந்த தசைநாரை எடுத்துவிட்டு வேறு இடத்துத் தசைநாரை வைத்துக் கட்டுவது. மறுபடி மைதானத்துக்கு வர 2021 ஆகஸ்ட் ஆனது. 2022 தொடக்கத்தில் விலா எலும்பு முறிவு. ஜூலையில் வந்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே, நியூயார்க்கில், அடித்த பந்து நேராக வந்து இடது சுண்டுவிரலை உடைத்தது. அது ஆறுவதற்குள் சைக்கிளில் போய் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கேள்விப்பட்டப்போ எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு. பாவம், அது சிரிக்கிற விஷயமே இல்ல.

கணக்குப் பாருங்க: 2020 முதல் 2023 வரை, நாலு சீசன் சேர்த்து அவர் தொடங்கி வைத்த ஆட்டங்கள் 31. அந்த டிசம்பரில் பாஸ்டன் அவரை அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கொடுத்தது. வான் கிரிஸம் என்ற இளம் வீரர் பதிலுக்கு வந்தார். சேல் சம்பளத்துக்காக 1.7 கோடி டாலரையும் பாஸ்டனே கையிலிருந்து கொடுத்தது. இப்போ எல்லாரும் பாஸ்டனைத் திட்டுறாங்க. அன்னைக்கு அந்தப் பேப்பரை என் முன்னாடி வெச்சிருந்தா நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

2024ல் ஒரே சீசனில் 29 ஆட்டம் வீசினார். 18 வெற்றி, 3 தோல்வி, 225 ஸ்ட்ரைக்அவுட். ஈஆர்ஏ 2.38. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா எத்தனை ரன் விட்டார்ங்கிற கணக்கு அது, குறைய குறைய நல்லது. வெற்றி, ஸ்ட்ரைக்அவுட், ஈஆர்ஏ மூணுலயும் நேஷனல் லீக்ல முதலிடம். இதை ட்ரிபிள் கிரவுன்னு சொல்வாங்க. அந்தப் பழைய ஸ்லைடர்தான் இப்பவும் ஆயுதம். அட்லாண்டா செய்த புத்திசாலித்தனம், ஆட்டங்களுக்கு நடுவில் அவருக்குக் கூடுதல் ஓய்வு கொடுத்தது. 30 ஓட்டில் 26 பேர் அவருக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

ஆனா செப்டம்பர் கடைசியில், அணி பிளேஆஃபுக்குப் போகுமாங்கிற நாளில், முதுகுப் பிடிப்பு. அன்னைக்கு அவர் வீசல. அணி எப்படியோ உள்ளே போச்சு, சான் டியேகோகிட்ட ரெண்டு ஆட்டத்திலும் தோத்து வெளியே வந்துடுச்சு. அந்த ரெண்டுக்கும் சேல் அணிப் பட்டியல்லயே இல்ல. விருது அறிவிப்பு வந்தது நவம்பர்ல.