சர்க்கார் ஆஸ்பத்திரியும் தலைவிதியும்



சர்க்கார் ஆஸ்பத்திரி விஷயமாகப் பேச வேண்டுமென்று கட்டளையிட்டிருக்கிறீர்கள். நாம் வைத்தியம் படித்தவரல்ல. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். இது பெரும்பாலும் கணக்கு விஷயமேயாகும்.

வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்சும், மற்ற ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு ஒருவரும் இருக்க வேண்டுமென்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. இராத்திரியில் ஒரு வார்டுக்குள் போய் எண்ணிப் பாருங்கள். கட்டில் நிரம்பி, பாயிலும் தாழ்வாரத்திலும் படுத்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு நர்சம்மாள், மிஞ்சினால் இருவர். ஊசி போடுவதும், குளுகோஸ் பாட்டில் மாற்றுவதும், சீட்டு எழுதுவதும், டாக்டரைத் தேடி ஓடுவதும் அந்த அம்மாளே. அவர் ஐந்தாவது கட்டிலில் நிற்கும்போது இருபதாவது கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் யார் கண்டது? ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்லாமல் பெற்ற மகன் தள்ளுகிறான். (ஆள் இருந்து, தள்ளுவதற்குக் காசு கேட்கிறவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை.)

இதற்கு நம் ஜனங்கள் செய்வதென்ன? ஒரு சாரார் “ஆயுசு அவ்வளவுதான்” என்று பிணத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். மற்றொரு சாரார் கையில் அகப்பட்ட டாக்டரை அடிக்கிறார்கள். இரண்டினாலும் தப்பித்துக்கொள்பவர் யாரென்றால், பணம் ஒதுக்க வேண்டியவரே.

ருஜு வேண்டுமானால் உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூரைப் பாருங்கள். மூளைக் காய்ச்சல் கண்ட ஏழைக் குழந்தைகளுக்கு அந்தப் பக்கத்தில் பெரிய புகலிடம் அங்குள்ள பாபா ராகவ் தாஸ் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் அனுப்பிவந்த கம்பெனிக்கு 60 லட்ச ரூபாய்க்கு மேல் பாக்கி. கம்பெனி கடிதத்தின்மேல் கடிதம் எழுதிற்று. 2017 ஆகஸ்டு 10ந் தேதி இரவு ஆக்சிஜன் தடைப்பட்டது. அன்றும் மறுநாளும் 30 குழந்தைகள் மாண்டதாக ஜில்லா அதிகாரியே சொன்னார். சர்க்காரோ, சாவுக்குக் காரணம் ஆக்சிஜன் அல்ல, ஆகஸ்டில் இத்தனை குழந்தைகள் சாவது வழக்கந்தான் என்று பழைய வருஷக் கணக்கைக் காட்டிற்று. வழக்கமாம்! ஆகஸ்டில் சாவு அதிகமென்று முன்பே தெரிந்தவர்கள், ஆகஸ்டு வரையில் பாக்கியை ஏன் வைத்தார்கள்? குழந்தைகள் வார்டு டாக்டர் ஒருவர் சிறைக்குப் போனார். ஏறக்குறைய 8 மாதம் கழித்து ஜாமீன் கொடுத்த ஐகோர்ட், அவர் வைத்தியத்தில் அசட்டை செய்ததாகக் காட்ட ஆதாரமில்லை என்றது.

சரி, சர்க்காரால் முடியாத காரியமா இது? 1994ல் தமிழ்நாட்டில் மருந்து வாங்கவென்றே மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. ஜில்லாதோறும் கிடங்கு, ஆஸ்பத்திரிதோறும் பாஸ் புத்தகம், அதிலுள்ள தொகைக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மற்ற ராஜ்யங்களும் இதைப் பார்த்துச் செய்தன. மருந்துக்கு முடிந்தது, ஆளுக்கு மட்டும் ஏன் முடியாது? நாட்டு உற்பத்தியில் 100க்கு 2½ ரூபாயைச் சர்க்கார்கள் வைத்தியத்துக்குச் செலவிடும் என்று 2017ல் இந்திய சர்க்கார் எழுதிவைத்தது. கெடு 2025. கெடுவும் கடந்தது, தொகையும் எட்டவில்லை.

ஆகையால் தோழர்களே, அடுத்த தடவை ஓட்டுக் கேட்க வருகிறவரிடம், நம் தாலுகா ஆஸ்பத்திரியில் எத்தனை நர்சு இடம் காலி என்று கேளுங்கள். தெரியாது என்பாரானால், ஆள் அனுப்பித் தெரிந்துகொள்ளும்வரை திண்ணையிலேயே உட்காரச் சொல்லுங்கள்.